நள்ளிரவில் எந்தக் கதவைத் தட்டுவது?

நள்ளிரவில் நண்பனின் வீட்டுக் கதவைத் தட்டி அப்பம் கேட்ட மனிதனைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையை நீங்கள் நன்கு அறிவீர்கள். கதவு பூட்டியாயிற்று, பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள் என்ற மறுமொழியே முதலில் உள்ளிருந்து வருகிறது. அவ்வுவமை வாசிக்கப்படும் ஞாயிறுதோறும் நம் நெஞ்சில் ஒரு முள் தைக்கும். ஏனெனில் ஒருமுறை அந்தக் கதவுக்கு உட்புறம் இருந்தவர் நாமே.

1999ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம். நாம் குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர் ஒன்றில் உதவிப் பங்குத்தந்தையாகப் பணியாற்றி வந்தோம். பெரிய சாமியார் அலுவல் காரணமாக மதுரைக்குச் சென்றிருந்தார். மழை பெய்து ஓய்ந்த இரவு. பத்தரை மணி இருக்கும். பங்கு இல்லத்தின் கதவு தட்டப்பட்டது. திறந்தபோது வாசலில் நான்கைந்து பேர் நின்றனர். அவர்கள் நடுவே முப்பது வயதை எட்டாத இளைஞர் ஒருவர், தம் காலாலேயே நடந்து வந்திருந்தார்.

"சாமி, திராட்சைத் தோட்டத்துல காவலுக்குப் படுத்திருந்தான். பூச்சி கடிச்சிருச்சுங்க" என்றார் அவருடைய தந்தை. இருட்டியபின் பாம்பைப் பாம்பு என்று சொல்வதற்கு நம் மக்கள் அஞ்சுவர். பூச்சி என்பதே வழக்கு.

அவர்கள் முதலில் நம்மிடம் வரவில்லை. அருகிலுள்ள ஊரில் தனியார் மருத்துவர் ஒருவரின் மருத்துவமனை உண்டு. நம் மக்கள் எல்லா நோய்க்கும் அவரையே நாடுவது வழக்கம். அங்குச் சென்று கதவைத் தட்டியிருக்கின்றனர். பார்வை நேரம் முடிந்து பூட்டியிருந்தது. மருத்துவர் ஒரு திருமணத்திற்காக வெளியூர் போயிருப்பதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். வந்துவிடுவார் என்ற நம்பிக்கையில் ஒரு மணி நேரம் அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகே பங்கின் ஜீப்பு வண்டியை நினைத்து நம்மிடம் வந்திருந்தனர்.

நாம் விளக்கைப் பிடித்துப் பார்த்தோம். கணுக்காலருகே இரண்டு சிறு புள்ளிகள். வீக்கமில்லை, இரத்தமில்லை, பெரிய வலியும் இல்லை என்றார். "ஊசி குத்துன மாதிரிதான் சாமி இருந்துச்சு" என்று சிரித்தார்கூட. உடன் வந்த முதியவர், "தண்ணிப் பாம்பாத்தான் இருக்கும், விஷப்பூச்சியா இருந்தா இந்நேரம் கால் வீங்கியிருக்காதா?" என்றார். அது நமக்கும் சரியென்றே பட்டது. செபித்தோம், தலைமேல் கைவைத்து ஆசீர் அளித்தோம். "விடிந்ததும் கூட்டிக்கொண்டு போகலாம், கவலைப்படாமல் போய்ப் படுங்கள்" என்று சொல்லி அனுப்பினோம். கதவைச் சாத்திவிட்டு உறங்கவும் செய்தோம்.

மூன்றரை மணிக்குக் கதவு மீண்டும் தட்டப்பட்டது. இம்முறை அவரைக் கட்டிலில் தூக்கி வந்திருந்தனர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்ததாகவும், பின்னர் இமைகள் தாமே மூடிக்கொண்டதாகவும், பேச்சுக் குழறி எச்சிலை விழுங்க இயலவில்லை என்றும் சொன்னார்கள். நாமே வண்டியை ஓட்டினோம். அரசு மருத்துவமனையின் வாயிலை அடைவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

அடக்கச் சடங்கு முடிந்தபின் அவருடைய இளம் மனைவி, இடுப்பில் குழந்தையுடன், நம்மிடம் வந்து சொன்ன சொல் இன்றும் செவியில் ஒலிக்கிறது: "டாக்டர் ஊர்ல இல்லையே, அதுக்குச் சாமி என்ன செய்வாங்க?" அந்தப் பேதை நம்மைத் தேற்ற வந்தார்! ஆனால் அவர் சொன்னது உண்மையன்று. மருத்துவர் இருந்தார். நாம் விடியற்காலையில் போய்ச் சேர்ந்த அதே அரசு மருத்துவமனையில், பத்தரை மணிக்கும் மருத்துவர் பணியிலேயே இருந்தார். பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவு, கையில் வண்டி. அவ்வூரிலிருந்து வந்தவர்களுக்கும் அது தோன்றவில்லை. பல்லாண்டு குருமடத்தில் படித்த நமக்கும் தோன்றவில்லை. நமக்குத் தெரிந்த ஒரு கதவு மூடியிருந்தது. ஆகவே எல்லாக் கதவுகளும் மூடிவிட்டதாக எண்ணிக்கொண்டோம்.

அன்புமிக்க குடும்பங்களே, இதை எழுதுவதன் நோக்கம் இதுவே. இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திருநாள் வேளையிலும் மருத்துவரின் கதவு மூடியிருப்பது இயல்பு. அவரும் மனிதரே, அவருக்கும் உறக்கம் வேண்டும், குடும்பம் வேண்டும். அவரைக் குறைகூறுவதில் பயனில்லை. அவர் இல்லாத வேளையில் எங்கே செல்வது என்பதைப் பகலிலேயே, நோயற்ற நாளிலேயே நாம் முடிவு செய்து வைத்திருக்கிறோமா என்பதே கேள்வி. நம்மில் பலர் நோயால் மடிவதைக் காட்டிலும், "விடியட்டும்" என்ற ஒரு சொல்லால் மடிகின்றனர்.

பூச்சி கடித்தால்

அந்த இளைஞரைக் கடித்தது எதுவென்று அன்று நாம் அறியோம். பின்னாளில் மருத்துவர்களிடம் கேட்டறிந்தபோதுதான், அத்தனை அறிகுறிகளும் கட்டுவிரியனுக்கே உரியவை என்பது விளங்கிற்று. அது இரவில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்து உறங்குபவர்களைக் கடிக்கும். கடிவாயில் வீக்கமும் வலியும் ஏறத்தாழ இராது. சில மணி நேரம் கழித்து வயிற்று வலி, பின் இமை தாழ்தல், நாக் குழறல், இறுதியில் மூச்சுத் தசைகள் செயலிழத்தல் என்று அதன் நஞ்சு நரம்புகளை முடக்கும். கண்ணாடி விரியனோ இதற்கு நேர்மாறானது. கடித்த இடம் வீங்கும், இரத்தம் உறையாமல் கசியும், சிறுநீரகம் பழுதுபடும். ஆகவே வீக்கமில்லை என்பதை வைத்து நஞ்சில்லை என்று தீர்ப்புக் கூற முதியவர்க்கும் உரிமையில்லை, குருவுக்கும் உரிமையில்லை. பாம்பு கடித்ததாக ஐயம் இருந்தாலே மருத்துவமனையில் 24 மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும் என்பது மருத்துவ விதி.

நம் நாட்டில் 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் ஏறக்குறைய 12 இலட்சம் பேர் பாம்புக்கடியால் மாண்டதாக ஆய்வாளர் கணித்துள்ளனர். இத்தனைக்கும் மருந்து புதிதன்று. நம் பள்ளத்தாக்கைச் செழிக்க வைத்த முல்லைப் பெரியாற்று அணை 1895இல் திறக்கப்பட்டது; ஏறத்தாழ அதே காலத்தில்தான் பிரான்சு நாட்டு அறிஞர் கால்மெட் பாம்பு நச்சுக்கு மாற்று மருந்து கண்டார். குதிரையின் உடலில் நஞ்சைச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பதே அதன் முறை. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் 1978இல் தொடங்கப்பெற்ற இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சு அம்மருந்தின் தயாரிப்புக்குப் பயன்பட்டு வருகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிற்கும் அந்த ஒரே மருந்துதான். எனவே பாம்பைத் தேடிப் பிடித்து அடித்து எடுத்துச் செல்ல வேண்டிய தேவையே இல்லை. அதற்குச் செலவிடும் நேரம் வீணாகும், இன்னொருவரும் கடிபட நேரும்.

செய்ய வேண்டுவன சிலவே. கடிபட்டவரை அச்சம் நீக்கிப் படுக்க வையுங்கள். நடக்கவோ ஓடவோ விடாதீர்கள். எலும்பு முறிந்த காலுக்குச் சட்டம் வைத்துக் கட்டுவதுபோல் அந்த உறுப்பை அசையாமல் தளர்வாகக் கட்டுங்கள். மோதிரம், மெட்டி, கொலுசு, அரைஞாண் எதுவாயினும் வீங்குமுன் கழற்றிவிடுங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், கத்தியால் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், பச்சிலை அரைத்துப் பூசுவதும் தீங்கே விளைக்கும். குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தின் அளவு ஒன்றே என்பதை அறிந்துகொள்ளுங்கள். பிள்ளைக்கு அதிகம் ஏற்றுகிறார்களே என்று செவிலியரிடம் வாதாட வேண்டாம். தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்களுள் ஒன்றாக ஆக்கியிருப்பதும் நம்மைப் போன்ற வேளாண் மக்களுக்கு நற்செய்தியே.

இன்று திறந்திருக்கும் கதவுகள்

1999இல் நமக்கு ஒரு வண்டியும் ஒரு கதவுமே தெரிந்திருந்தன. இன்று அப்படியன்று.

தமிழகத்தில் 2008 செப்டம்பரில் 108 அவசர ஊர்திச் சேவை தொடங்கிற்று. கட்டணமில்லை, இரவு பகல் என்ற வேறுபாடில்லை. வண்டியில் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளரும் வருவார். ஆனால் அழைக்கும் முறையை அறிந்திருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் எத்தனை 'பட்டி'கள்! ஊர்ப் பெயரை மட்டும் சொன்னால் போதாது. வட்டத்தின் பெயர், நெடுஞ்சாலையிலிருந்து பிரியும் இடம், அருகிலுள்ள கோவில் அல்லது பள்ளி ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். ஒருவர் விளக்குடன் சாலை முனைக்குச் சென்று நிற்க வேண்டும். அழைத்தவர் தொலைபேசியை அணைத்துவிடலாகாது. ஏலத் தோட்டங்களுக்கு விடியுமுன்னே ஜீப்பேறிக் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாகச் செல்லும் நம் தாய்மார்களும் சகோதரிகளும் நினைவில் கொள்க: மலைக்கு மேலே கேரளத்திலும் அழைக்க வேண்டிய எண் அதே 108தான்.

அரசு மருத்துவமனைகள் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடிநாயக்கனூர், ஆண்டிபட்டி ஆகிய ஊர்களில் உள்ளன. மாவட்டத் தலைமை மருத்துவமனை பெரியகுளத்தில் இருக்கிறது. இவையனைத்திற்கும் மேலாக, க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இயங்குகிறது. ஒரு காலத்தில் பெருநோய் என்றால் தேனியிலிருந்தே ஏறத்தாழ 75 கிலோமீட்டர் கடந்து மதுரைக்கு ஓட வேண்டியிருந்தது. கூடலூர்க்காரருக்கோ அது இன்னும் நெடுந்தொலைவு. வழியிலேயே போன உயிர்கள் எத்தனை! இன்று அந்தப் பயணம் பெரிதும் குறைந்துள்ளது.

இரவிலும் செவிலியர் பணியிலிருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களையும் நாம் மறந்துவிடுகிறோம். பேறுகாலத் தாய்மாருக்கு மட்டுமே உரியவை என்று பலர் எண்ணுகின்றனர். 2023இல் தொடங்கப்பட்ட 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்பின் அறிகுறியுடன் வருவோர்க்கு அங்கேயே ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 ஆக 14 மாத்திரைகளை உடனடியாகக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகின்றனர். இதை நம் பங்குமக்களுள் எத்தனை பேர் அறிவர்?

நெஞ்சு வலியைப் பற்றி இரண்டொரு சொல். நடுநெஞ்சில் பாரம் அழுத்துவது போன்ற வலி, இடத் தோளுக்கோ தாடைக்கோ பரவுதல், வேர்த்துக் கொட்டுதல் ஆகியன தோன்றினால் "வாய்வுப் பிடிப்பு" என்று சொல்லிச் சோடா வாங்கிக் கொடுப்பதும், பெருங்காயம் கரைத்துக் கொடுப்பதும் நம் வீடுகளில் வழக்கம். வாய்வாகவே இருந்தாலும் மருத்துவமனைக்குப் போய் வந்ததால் நட்டமொன்றுமில்லை. அதுபோலவே வாய் ஒருபுறம் கோணுதல், ஒரு கை விழுதல், பேச்சுக் குழறல் ஆகியன பக்கவாதத்தின் அறிகுறிகள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். விடியும்வரை காத்திருப்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. தோட்டத்துப் பூச்சிமருந்தைத் தவறுதலாகவோ மனமுடைந்தோ உட்கொண்டவரை உப்புக் கரைசலும் சாணக் கரைசலும் கொடுத்து வாந்தியெடுக்க வைக்காதீர்கள். மருந்துப் புட்டியையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே புறப்படுங்கள்.

எல்லா நோயும் இத்தகையதன்று. பிள்ளைக்குச் சிறு காய்ச்சல், பெரியவருக்கு உறக்கமின்மை, மாத்திரையை மறந்து இருமுறை விழுங்கிவிட்ட ஐயம் என்று இரவில் நம்மைக் கலங்கவைப்பன பல. இவற்றிற்கு 104 என்ற எண் உள்ளது. 2013 இறுதியில் தொடங்கிய சேவை அது. எந்நேரமும் அழைத்து ஆலோசனை கேட்கலாம். மனம் நொந்து தனித்திருப்போரும் பேசலாம். போக வேண்டுமா, விடியும்வரை பொறுக்கலாமா என்பதை நாமாகத் தீர்மானிப்பதைவிட, அறிந்தவரிடம் கேட்டுத் தெளிவது அறிவுடைமை. அன்றிரவு நமக்கு அப்படிக் கேட்க ஒருவர் இருந்திருந்தால்!

அயலான் யார்?

2018 மார்ச் 11, ஒரு ஞாயிற்றுக்கிழமை. போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவி, வெளியூரிலிருந்து மலையேற வந்த இளம் ஆண்களும் பெண்களும் அதில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின. பெரும் மீட்புப் படைகள் வந்து சேருமுன்னே அங்கு விரைந்தவர்கள் அம்மலையடிவாரத்து ஏழை மக்களே. தீக்காயம் பட்டவர் எந்த ஊரினர், எந்தச் சாதியினர், எந்தச் சமயத்தினர் என்று அவர்கள் கேட்கவில்லை. எரிகோ சாலையில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்ட சமாரியனும் அப்படித்தான் நடந்துகொண்டான். குருவும் லேவியனும் தீயவர்களாக இருந்ததாக உவமை கூறவில்லை. அவர்கள் விலகிப் போனார்கள், அவ்வளவே. சமாரியன் எண்ணெய் வார்த்தான், கட்டுப் போட்டான், தன் விலங்கின்மேல் ஏற்றினான், சத்திரத்தை அறிந்திருந்தான், செலவுக்கும் பணம் கொடுத்தான். அவனுடைய இரக்கம் வழியறிந்த இரக்கமாக இருந்தது. நம்முடையதோ அன்றிரவு வழியறியாத இரக்கமாக இருந்தது. ஆசீர் அளித்தோம், வண்டியை எடுக்கவில்லை.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் இவ்வாரத்திலேயே ஒரு காரியம் செய்தல் நலம். மாலைச் செபமாலை முடிந்தபின் கூடியமர்ந்து, நள்ளிரவில் நம் வீட்டில் ஒருவருக்கு ஆபத்து நேர்ந்தால் எந்த மருத்துவமனைக்குச் செல்வது, யாருடைய வண்டியைக் கேட்பது, வீட்டில் யார் தங்குவது என்று பேசி முடிவெடுங்கள். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உண்ணும் மருந்துகளின் சீட்டு, காப்பீட்டு அட்டை, கையில் சிறிது பணம் ஆகியவற்றை ஒரே பையில் இட்டு, எல்லாரும் அறிந்த இடத்தில் மாட்டிவையுங்கள். தனித்து வாழும் முதியோர் உங்கள் தெருவில் இருப்பின் அவர்களையும் இக்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அன்பியக் கூட்டங்களில் வண்டி வைத்திருப்போரின் பெயர்களை எழுதி வைக்கலாம். வண்டி கேட்டு வந்தவரிடம் டீசல் காசைப் பற்றி விடிந்தபின் பேசிக்கொள்ளலாம்.

இறுதியாக, குருவானவர் என்ற முறையில் ஒன்று. இன்றும் சில குடும்பங்களில் நோயாளி மோசமாகிவிட்டால் முதலில் சாமியாருக்கு ஆளனுப்பி, அவர் வந்து பூசியபின்னரே வண்டிக்குச் சொல்கின்றனர். 'அவஸ்தைப் பூசுதல்' என்று நம் முன்னோர் அழைத்த அருட்சாதனத்தை, இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் 'நோயில் பூசுதல்' என்று வழங்குகிறோம். அது சாவுக்கு அச்சாரமன்று, நோயுற்றவர்க்கு வலிமை. மருத்துவரையும் மருந்தையும் படைத்தவர் ஆண்டவரே என்று சீராக் ஆகமமும் போதிக்கிறது. எனவே முதலில் வண்டியை அழையுங்கள். பிறகு நம்மை அழையுங்கள். நீங்கள் போகும் மருத்துவமனைக்கே நாம் வந்து சேர்வோம். எந்த நேரமாயினும் வருவோம்.

அன்று இடுப்பிலிருந்த குழந்தை வளர்ந்து, மணமாகி, இன்று தாயாகிவிட்டாள். சென்ற ஆண்டு அவ்வூர்த் திருவிழாவுக்குச் சென்றிருந்தபோது பிள்ளையைத் தூக்கிவந்து நம்மிடம் ஆசீர் கேட்டாள். தலைமேல் கைவைத்தபோது நம் கை நடுங்கிற்று. "பிள்ளைக்கு ராத்திரி ஏதாவது முடியாமப் போனா எங்கம்மா கூட்டிட்டுப் போவே?" என்று கேட்டோம். அவள் தயங்காமல் மருத்துவமனையின் பெயரைச் சொன்னாள். வண்டிக்கார மாமாவின் பெயரையும் சொன்னாள். "அம்மா சின்ன வயசுலயே சொல்லிக் கொடுத்திருச்சுங்க, சாமி" என்றாள்.

அதன்பின்னரே நாம் அக்குழந்தையின் நெற்றியில் சிலுவை வரைந்தோம்.